கூடைக்குள் ஒரு முந்திரிகை

சன்டோரினி என்றதும் உங்களுக்கு என்ன படம் வரும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். முன்னால ஒரு பிள்ளை நீட்டுச் சட்டை காற்றில் பறக்க, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். என்ர மச்சாள் ஒருத்தியின்ர போன் வோல்பேப்பர் மூன்று வருசமாக அதுதான். கலியாணம் முடிச்சால் அங்கதான் போவன் எண்டு அவள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்க முன்னமே சொல்லிப்போட்டாள்.

அந்தப் படத்தை எடுக்கிற ஆள் கமராவைக் கடலுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் வேற ஒரு ஊர் தெரியும். சாம்பல் நிறத் தரை. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தரையோடு தரையாக, பெரிய பறவை ஏதோ கூடு கட்டிவிட்டுப் போனமாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை வளையங்கள். பற்றை எண்டு நினைச்சுக் கடந்து போயிடுவீங்கள். அவை முந்திரிகைக் கொடிகள். உலகத்தில் தொடர்ந்து செய்கை பண்ணப்படும் மிகப் பழைய முந்திரிகைத் தோட்டங்களில் ஒன்று அது.

(இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: முந்திரிகை எண்டு நான் சொல்றது திராட்சையை. உங்கட முந்திரி எங்களுக்குக் கஜு. இந்தக் குழப்பத்தில ஒரு சென்னைக்காரியோட அரை மணித்தியாலம் சட் பண்ணியிருக்கிறன்.)

நான் புவியியல் படிக்கிற ஆள். இரண்டாம் வருடத்தில் மண் பற்றிய பாடத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு இடத்தை எடுத்துப் பேசவேண்டி வந்தது. மத்தியதரைக்கடல் பகுதி எனக்கு விழுந்தது. நான் சன்டோரினி முந்திரிகை எண்டவுடனே பின்வரிசையில இருந்து, "அப்ப வைன் பற்றியோ பேசப்போறாய்?" எண்டு ஒரு சிரிப்பு. எங்கட ஊரில் வைன் என்ற சொல்லுக்கு இரண்டு இடம்தான் இருக்கு. ஒன்று கோயில் பூசைப் பீடம், மற்றது குடி. ஒரு பொம்பிளைப் பிள்ளை மேடையில் நிண்டு அதைச் சொன்னால் ரெண்டாவதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். முதலே சொல்லிவிடுகிறேன், நான் அந்த வைனில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. அது விற்கிற விலைக்கு என்னால் வாங்கவும் ஏலாது. ஆனபடியால் ருசியைப் பற்றி இங்கே ஒன்றும் கிடைக்காது. மண்ணைப் பற்றிக் கிடைக்கும்.

ஏறக்குறைய 3,600 வருடங்களுக்கு முன் அந்தத் தீவின் நடுப்பகுதி வெடித்தது. மனித வரலாற்றில் நடந்த மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளில் அது ஒன்று. நடுவில் இருந்த நிலம் கடலுக்குள் இறங்கியது. மிஞ்சிய விளிம்புதான் இன்றைக்கு எல்லோரும் போட்டோ எடுக்கிற செங்குத்துப் பாறை. வெடித்ததில் வந்த சாம்பலும் நுரைக்கல்லும் மிச்சத் தீவை மூடின. சில இடங்களில் அது பத்துக் கணக்கான மீற்றர் தடிப்பு. அந்தச் சாம்பலுக்குக் கீழே அக்ரோத்திரி என்ற நகரம் ஒன்று அப்படியே புதைந்து கிடந்து, 1967இல்தான் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள். வெடிப்புக்கு முன்னமே அங்கே முந்திரிகை இருந்ததற்கான தடயங்களும் அதற்குள் இருந்தன.

அந்தச் சாம்பல் மண்ணை ஊர்க்காரர் 'அஸ்பா' என்று சொல்கிறார்கள். எங்கட பாடக்குறிப்பின்படி பார்த்தால் அது மண் என்று சொல்லவே தகுதியில்லாத மண். சேதனப் பொருள் ஏறக்குறைய இல்லை. களி இல்லை. பொட்டாசியம் மிகக் குறைவு. வருடத்துக்கு 300, 400 மில்லிமீற்றர் மழை, அதுவும் மாரியில் மட்டும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு 1,200 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்தும் நாங்கள் தண்ணி இல்லை தண்ணி இல்லை எண்டு அழுறம். ஆறு இல்லை, குளம் இல்லை. தீவு முழுவதுமே நெடுந்தீவைவிட ஒன்றரை மடங்குதான் வரும்.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. இந்த மண்ணில் 'இல்லை' என்று எழுதிய ஒவ்வொன்றும் அந்த முந்திரிகைக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

பொட்டாசியத்தை எடுங்கள். முந்திரிகையின் புளிப்புக்கு முக்கிய காரணம் தார்த்தாரிக் அமிலம். எங்கட குழம்புக்குக் கரைச்சு விடுற பழப்புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். மண்ணில் பொட்டாசியம் கூடினால் அது பழத்துக்குள் போய் அந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும், புளிப்புக் குறையும். வெயில் கூடிய நாடுகளில் பழம் இனிக்க இனிக்கப் புளிப்புச் செத்துப்போவது ஏற்கெனவே பெரிய பிரச்சினை. சன்டோரினியின் முக்கிய வெள்ளை இனமான அசிர்டிக்கோ, கொளுத்துகிற ஓகஸ்ட் வெயிலில் நல்லாய்ப் பழுத்த பிறகும் புளிப்பை விடாமல் வைத்திருக்கும். அது அந்த இனத்தின் இயல்பு, அதோடு பொட்டாசியம் இல்லாத மண்ணும் சேர்ந்திருக்கிறது.

களி இல்லாததன் கதை இன்னும் பெரிசு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பைலொக்செரா என்ற ஒரு சின்னப் பூச்சி பிரான்சுக்குள் வந்தது. பேன் அளவு கூட இல்லை. வேரில் இருந்து சாறு குடிக்கும். சில பத்து வருடங்களுக்குள் ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அது தின்று முடித்தது. கடைசியில் கண்டுபிடித்த வழி, அந்தப் பூச்சிக்கு ஈடுகொடுக்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவது. இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான வைன் கொடிகள் இப்படி இரவல் வேரில்தான் நிற்கின்றன. ஆனால் சன்டோரினிக்குள் பைலொக்செராவால் குடியேற முடியவில்லை. களிமண் காய்ந்து வெடித்தால் வரும் இடுக்குகளுக்குள்ளால் அந்தப் பூச்சி வேரிலிருந்து வேருக்குப் போகும். சாம்பலும் மணலும் வெடிக்காது, சரியும். பூச்சிக்குப் பாதை இல்லை. அதனால் அங்கே கொடி இன்னும் சொந்த வேரில் நிற்கிறது. ஒரு கொடி செத்தால் பக்கத்துக் கொடியின் ஒரு கொப்பை வளைத்து மண்ணுக்குள் தாட்டு, அது வேர்விட்ட பிறகு பிரித்துவிடுகிறார்கள்.

இனி அந்தக் கூடை. 'குலூரா' என்று பெயர். மாரிகாலத்தில் இலை உதிர்ந்த பிறகு, கத்தரித்து மிச்சம் விட்ட நீளக் கொப்புகளை ஒன்றோடு ஒன்று பின்னி வட்டமாகச் சுற்றுவார்கள். அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு சுற்று. அப்படியே வருசக்கணக்காகச் சுற்றச் சுற்ற, கடகம் மாதிரி ஒரு கூடை தரையில் இருக்கும். பழக்குலை கூடைக்கு உள்ளே தொங்கும், இலை மேலே மூடும். அங்கே அடிக்கிற காற்று மணலை அள்ளி வீசுகிற காற்று. பந்தல் போட்டால் துளிரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். வெயிலும் அப்படித்தான். இரவில் கடலிலிருந்து ஈரப்பதன் ஏறிவரும். நுரைக்கல் முழுக்கத் துளை, பஞ்சு மாதிரி அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாரியில் விழுந்த மழையும் அதற்குள் தங்கும். கொடி அதைக் குடித்து வாழ்கிறது.

70, 80 வருடம் போனதும் கூடை முதிர்ந்து, சாறு அவ்வளவு தூரம் சுற்றிச் சுற்றிப் போகவேண்டி வருவதால் விளைச்சல் விழும். அப்போது முழுக்கூடையையும் அடியோடு வெட்டி எடுத்துவிடுவார்கள். வேர் கீழே இருக்கும். அதிலிருந்து புதுத் துளிர் வரும், புதுக் கூடை தொடங்கும். இப்படிப் பல தடவை வெட்டுப்பட்ட வேர்கள் சில, 300 வருடத்துக்கு மேற்பட்டவை என்று அங்கே கணிக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கட வகுப்பில் ஒரு சொல் விழுந்தது. நீங்களும் எதிர்பார்த்திருப்பீங்கள். 'மீண்டெழும் ஆற்றல்'. என்ர பேச்சுக்கு அதைத்தான் தலைப்பாக வைக்கச் சொன்னார்கள்.

வடக்கில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லைத் தெரியாமல் இருக்க முடியாது. ரோல்ஸும் பிளேன்ரீயும் தந்து நடத்துகிற செயலமர்வுகளின் பதாகையில் இருக்கும். அறிக்கைகளின் முன்அட்டையில், மிளகாய்த் தோட்டத்தில் நிற்கிற ஒரு அம்மாவின் படத்துக்குக் கீழே இருக்கும். போர், சுனாமி, கொரோனா, பொருளாதார நெருக்கடி, எது வந்தாலும் எங்களுக்கு அது இருக்கு என்று சொல்லுவார்கள். பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஏன் எண்டு கன காலம் எனக்கே விளங்கேல்லை. முந்திரிகையைப் பற்றிப் பெரியப்பாவோடு கதைத்த அன்றைக்குத்தான் கொஞ்சம் பிடிபட்டது.

பெரியப்பாவுக்கு உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம். சிவத்த மண், அடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணி, தலைக்கு மேலே கம்பிப் பந்தல். இங்கே அதிகம் நிற்கிற 'இஸ்ரேல் புளூ' இனம்தான். எங்களுக்குக் குளிர்காலம் இல்லாததால் கொடி தானாக ஓய்வெடுக்காது. கத்தரித்துத்தான் அதைக் காய்க்கப் பண்ண வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவை. நான் போனில் குலூராப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன பிள்ளை, நிலத்தில கிடக்கு? மழைக்கு அழுகாதோ?"

"கோடையில அங்க மழையே இல்லைப் பெரியப்பா."

"அப்ப தண்ணி?"

இரவு ஈரத்தையும் நுரைக்கல்லையும் விளங்கப்படுத்தினேன். "பனியில முந்திரிகை வளருமெண்டால் நானேன் மோட்டருக்கு கரண்ட் பில் கட்டுறன்?" என்றார். பிறகு நேரே கணக்குக்கு வந்தார். எவ்வளவு இறங்கும்?

ஹெக்டெயருக்கு 2 தொன் வந்தால் அங்கே பெரிய விசயம். அதைப் பரப்புக் கணக்குக்கு மாற்றினால் ஒரு பரப்புக்கு 50 கிலோ. அவர் நம்பவில்லை. திரும்பக் கணக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், 50 கிலோதான். கிரேக்கத்திலேயே கூடின விலை போற முந்திரிகை அதுதான் எண்டும் சொன்னேன். அவர் போனை இன்னும் கிட்டப் பிடித்து, கூடையைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு கொடியையும் ஒவ்வொரு ஆள் குனிஞ்சு நிண்டு பின்ன வேணும். முழங்காலில நிண்டு பழம் பிடுங்க வேணும். மெசின் ஒண்டும் ஓடாது. ஆர் பிள்ளை குனியிறது இப்ப?"

அவருக்கு 63 வயது. அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் பிரான்சில், மற்றவர் வங்கியில். அந்தக் கேள்வி கிரேக்கத்தைப் பற்றி மட்டும் கேட்கப்பட்டதில்லை.

கொடிக்கு எந்த ஆற்றலும் இல்லை. விட்டுவிட்டால் அது எல்லாக் கொடியும் செய்கிறதைத்தான் செய்யும், கண்டபாட்டுக்குப் படரும், அந்தக் காற்றில் பிய்ந்துபோகும். ஜனவரிக் குளிரில் ஒருவர் வந்து முதுகை வளைத்து அதைப் பின்னுகிறார். அவருக்கு முன் அவருடைய அப்பா பின்னினார். 'மீண்டெழும் கொடி' என்று எழுதியவுடன் அந்த ஆள் வசனத்தில் இருந்து காணாமல் போய்விடுகிறார். அவருடைய கூலி, நாரிநோ, மருந்துச் செலவு எல்லாம் சேர்ந்து காணாமல் போகின்றன. ஐரோப்பாவில் இப்படியான மலைச்சரிவு, தீவுத் தோட்டங்களுக்கு 'வீரச் செய்கை' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வீரன் என்று பட்டம் குடுத்தால் கூட்டிக் குடுக்கத் தேவையில்லை எண்டு நினைக்கினமோ தெரியாது.

என்ர பேச்சுக்குத் தலைப்பை மாற்றினேன். 'ஆர் குனியிறது?' எழுத்துத் தமிழில் வைக்கச் சொன்னார்கள். 'யார் குனிவது?' என்று வைத்தேன், அதில பாதி உயிர் போயிட்டுது.

வைன் செய்கிற முறையிலும் அந்த உடம்பு வேலை தெரியும். முன்பு வெயில் ஏற முதல் பழத்தைப் பிடுங்கி, அன்றிரவே விடிய விடிய மிதித்துச் சாறு எடுப்பார்கள். அதனால் அந்த வைனுக்கு 'நிக்தேரி' என்று பெயர், இரவு என்ற சொல்லிலிருந்து வந்தது. சாம்பல் பாறையைக் குடைந்து செய்த 'கனாவா' என்ற குகைக்குள் மிதிதொட்டியும் பீப்பாவும் இருக்கும், உள்ளே எப்போதும் குளிர். இன்னொன்று வின்சாந்தோ. பழத்தைப் பிடுங்கி இரண்டு கிழமை வரை வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். நாங்கள் கடையில பிளம்ஸ் எண்டு கேட்டு வாங்குறமே, கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வரும். அதைப் பிழிந்தால் வருகிற கொஞ்சச் சாறு பாணி மாதிரி இருக்கும். அது மெதுவாகப் புளித்து, குறைந்தது இரண்டு வருடம் மரப்பீப்பாவில் கிடக்கும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்த இனிப்பு வைன் கப்பல் கப்பலாக ரஷ்யாவுக்குப் போனது, அங்குள்ள தேவாலயங்களின் திருப்பலிக்கு. 1917 புரட்சியோடு அந்தச் சந்தை இல்லாமல் போனது.

மண்ணும் கப்பலில் போனது. அந்தச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணிக்குள்ளும் இறுகுகிற சீமெந்து கிடைக்கும். சுயெஸ் கால்வாய் கட்டினபோது சன்டோரினிச் சாம்பல் அங்கே போனது. பிறகும் கன காலம் அகழ்ந்து ஏற்றினார்கள். காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களைப் பார்த்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். ஒரு ஊரின் அடிநிலம் இன்னொரு ஊரின் சுவராகிறது.

ஆனால் தோட்டத்தை உண்மையாகத் தின்னத் தொடங்கியது அதற்குப் பிறகு வந்தது. 1956 ஜூலை 9இல் பெரிய பூமியதிர்ச்சி. 50க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், வீடுகள் விழுந்தன, கன குடும்பம் ஏதென்சுக்குப் போனது. 1970களில் இருந்து சுற்றுலா வந்தது. இப்போது நிரந்தரமாக ஏறக்குறைய 15,000 பேர் இருக்கிற தீவுக்கு வருடத்துக்கு 30 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள். கடல் தெரிகிற நிலம் எல்லாம் ஹொட்டேல். கடல் தெரியாத நிலம் ஹொட்டேலில் வேலை செய்கிறவர்களின் வீடு, வாகனத் தரிப்பிடம். முந்திரிகை நிற்பது இப்போது ஏறக்குறைய 1,000 ஹெக்டெயரில். ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு இருந்தது. பைலொக்செராவால் முடியாததைக் காணி விலை செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு அங்குள்ள இளம் ஆட்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஹொட்டேல் வரவேற்பு மேசையில் நிழலில் நின்று ஒரு கோடையில் உழைப்பதை, மாரிக் காற்றில் நாரி முறிய உழைக்க வேண்டும் என்று தூர இருந்து சொல்வது லேசு. நானும் பட்டம் எடுத்த பிறகு உரும்பிராய்ப் பந்தலுக்குக் கீழ் நிற்கப்போறதில்லை. சில தோட்டக்காரர் இப்போது கூடையை விட்டு, கொடியை வரிசையாகக் கம்பியில் கட்டி, சொட்டுநீர்க் குழாயும் போடுகிறார்கள். நின்றபடியே வேலை செய்யலாம், விளைச்சலும் கூட வரும் என்று ஒரு பக்கம். காற்றும் வெயிலும் பழத்தை நாசமாக்கும், இவ்வளவு காலம் இருந்த ஒன்றைக் கெடுக்கிறீர்கள் என்று மறுபக்கம். கூடைதான் அழகு எண்டு வாதாடுறவை வருசத்துக்கு எத்தனை கூடை பின்னுகினம் எண்டு எனக்கு முதல்ல தெரிய வேணும். கடந்த சில வருடங்களாக மழை குறைந்து வெப்பம் கூடி, விளைச்சல் மோசமாக விழுந்திருக்கிறது. இந்தச் சண்டைக்கு இனி நிறைய நேரம் இல்லை.

2025 ஜனவரிக் கடைசியில் அங்கே நிலம் நடுங்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நடுக்கங்கள், பெப்ரவரியிலும் நிற்கவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடினார்கள், அவசரநிலை அறிவித்தார்கள், 10,000க்கு மேற்பட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டுப் போனார்கள். செய்திகளில் ஆளில்லாத வெள்ளைத் தெருக்களைக் காட்டினார்கள். மச்சாளும் அனுப்பியிருந்தாள், அழுகிற எமோஜி போட்டு. நான் அந்த வீடியோக்களில் தோட்டம் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றிலும் காட்டவில்லை. மாரிதான் அங்கே கத்தரித்துக் கூடை பின்னுகிற காலம். நிலம் நடுங்குது எண்டு கொடி பொறுத்திருக்காது, மார்ச்சில் துளிர் வந்துவிடும். அதற்கிடையில் ஆராவது போய்க் குனிய வேண்டும்.